கடைக்காரர் ஒருவருக்கு நினைவு மலர்: வீட்டாரே தயாரிக்கும் முறை

பால் தெளிக்கிற அன்றே வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "காரியத்துக்கு வர்றவங்க கையில கொடுக்க ஒரு மலர் போடணும்." வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கம் அப்படி வெளிவரும் மலர்கள் நிறைய. அட்டையில் படம், உள்ளே "பண்பாளர், கொடை உள்ளம், சிரித்த முகம்", பிறகு நாலு கவிதை, கடைசியில் உறவினர் பட்டியல். மளிகைக் கடைக்காரர் மலரையும் சைக்கிள் கடைக்காரர் மலரையும் படத்தை மாற்றி ஒட்டினால் வித்தியாசமே தெரியாது. முப்பது நாற்பது வருஷம் கடையில் உட்கார்ந்த மனிதருக்கு இது போதாது. அவரைப் பற்றிய விவரம் வீட்டைவிடக் கடையில்தான் அதிகம் கிடக்கிறது. அதை எடுக்கத் தெரிந்தால் மலர் தானாக நிற்கும்.

முதல் முடிவு, வேலையை இரண்டாகப் பிரிப்பது. பதினாறாம் நாளுக்கு ஏ4 தாளை நடுவில் மடித்த நாலு பக்கம் போதும்: படம், பிறந்த தேதி, மறைந்த தேதி, ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பு, குடும்பத்தார் பெயர். முழு மலரை வருஷ திதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவக் குடும்பங்களில் முதலாண்டு நினைவு ஜெபம், இஸ்லாமியக் குடும்பங்களில் நாற்பதாம் நாள் என்று நாள் மாறும். படம் அச்சிடுவதை விரும்பாத பெரியவர்களும் உண்டு. அதை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். எந்த வீடானாலும் பதினைந்து நாளில் முப்பது பக்கம் போடுவது பிழையில்தான் முடியும். ஆனால் விவரம் சேகரிக்க அந்த நாட்களை விட்டால் வேறு நேரம் கிடையாது. பெங்களூரில் இருக்கும் அத்தையும் சென்னையில் இருக்கும் சித்தப்பாவும் ஒரே கூடத்தில் அதன் பிறகு எப்போது உட்காரப் போகிறார்கள்?

கடையைப் படம் எடுப்பது

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுதான். காரியம் முடிந்து கடை திறக்கும்போது வெள்ளையடித்து, பழைய சாமான்களைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுவார்கள். அதற்கு முன் ஒரு காலைப் பொழுதில், கதவை முழுக்கத் திறந்து, ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். பெயர்ப் பலகை, கல்லாப் பெட்டி, அவர் உட்கார்ந்த இடம், தராசு, எடைக்கற்கள், சாமி படங்கள், சுவரில் அவர் கையால் எழுதிய போன் நம்பர்கள், நாள்காட்டியில் போட்ட கணக்கு. பொருள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு படம்: ஒன்று தள்ளி நின்று இடம் தெரியும்படி, ஒன்று கிட்டே போய் எழுத்து தெரியும்படி. சுவரில் இருக்கும் கையெழுத்தைத்தான் எல்லாரும் மறப்பார்கள். சுண்ணாம்பு அடித்த பிறகு அது திரும்பாது.

அடுத்து நோட்டுகள். நாள் வரவு செலவு, பேரேடு, கொள்முதல் பில் கட்டு, கடன் நோட்டு, சீட்டுக் கணக்கு, டைரி. வெள்ளைத் தாளை அடியில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். மெஷின் பில்கள் வெப்பத்தில் அச்சாகும் தாள். சில வருஷத்தில் வெளுத்துவிடும். அவற்றை முதலில் எடுங்கள். எடுத்த பிறகும் சமீபத்திய கணக்குகளைத் தூக்கிப் போடக் கூடாது. ஜிஎஸ்டி பதிவு இருந்த கடை என்றால் ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யக் கெடுவான தேதியிலிருந்து 72 மாதம் ஏடுகளை வைத்திருக்க வேண்டும்.

கடன் நோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவருடைய குணம் தெரியும் ஏடு அது. யாரை எந்தப் பெயரில் எழுதினார் ("மாடி வீட்டு அக்கா", "லாரி மாமா", "டீச்சரம்மா"), எந்த மாதங்களில் கடன் ஏறியது, எதைக் கோடு போட்டு அடித்துவிட்டுத் தொகை வாங்கவில்லை, எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அதை அப்படியே மலரில் போட்டால் தெருவே சண்டைக்கு வரும். பட்டப்பெயரைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பக்கத்தின் படம் போட வேண்டுமானால் பெயரையும் தொகையையும் தாள் வைத்து மறைத்துப் புதிதாகப் படம் எடுங்கள். போனில் கறுப்புப் பேனாவால் தேய்த்தால் சில செயலிகளில் அடியில் உள்ள எழுத்து மங்கலாகத் தெரியும். வசூலாகாத பாக்கியைப் பற்றி மலரில் ஒரு வரியும் வேண்டாம், "மன்னித்துவிட்டார்" என்றுகூட. அது மன்னிப்பா மறதியா என்று அவருக்குத்தான் தெரியும்.

தேதிகளைக் கண்டுபிடிப்பது

"கடை எப்போ ஆரம்பிச்சார்?" என்று கேட்டால் நாலு பேர் நாலு வருஷம் சொல்வார்கள். வருஷத்தைக் கேட்காதீர்கள், நிகழ்ச்சியை வைத்துக் கேளுங்கள். கோட்டைக் கோயிலில் ஜலகண்டேஸ்வரர் திரும்ப எழுந்தருளியபோது (1981 மார்ச்) கடை இருந்ததா? இந்திரா காந்தி இறந்த அன்று (1984 அக்டோபர் 31) கடையை யார் அடைத்தது? எம்.ஜி.ஆர். மறைந்தபோது (1987 டிசம்பர் 24) எந்த இடத்தில் கடை? பண மதிப்பிழப்பு (2016 நவம்பர் 8), பாலாற்றில் வெள்ளம் போன 2021 நவம்பர், இவை பிற்கால அடையாளங்கள். இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்டு இரண்டும் ஒத்துப்போனால் எழுதலாம்.

காகிதங்களே தேதி சொல்லும். முகவரியில் "வடஆற்காடு மாவட்டம்" என்றிருந்தால் பெரும்பாலும் 1989க்கு முந்தியது. அந்த ஆண்டு செப்டம்பரில் மாவட்டம் பிரிந்து, இந்தப் பக்கம் வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது. வேலூர் மாவட்டம் என்ற பெயர் 1990களின் பிற்பகுதியில் வந்தது. பழைய லெட்டர்பேடைத் தீரும்வரை பயன்படுத்துவது கடைக்காரர் வழக்கம் என்பதால் இரண்டு மூன்று வருஷம் முன்பின் இருக்கலாம். பின்கோடு இல்லாமல் "வேலூர் - 4" என்று மட்டும் இருந்தால் 1972க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு. தும்பிக்கை வைத்த லை, னை, பழைய சுழியோடு றா, னா அச்சாகியிருந்தால், எழுத்துச் சீர்திருத்தம் வந்த 1978ஐ ஒட்டியோ அதற்கு முன்போ. விற்பனை வரி எண்ணைப் பாருங்கள்: டிஎன்ஜிஎஸ்டி (பழைய தமிழ்நாடு பொது விற்பனை வரி) என்றால் 2007க்கு முன், 33இல் தொடங்கும் 11 இலக்க டின் எண் (வாட் வரிப் பதிவு எண்) என்றால் 2007 முதல் 2017 ஜூன் வரை, 15 இலக்கம் என்றால் ஜிஎஸ்டி, 2017 ஜூலைக்குப் பின். வேலூர் போன் நம்பர் 2இல் தொடங்கும் ஏழு இலக்கமா, அதற்கு முந்திய ஐந்து, ஆறு இலக்கமா என்பதும் ஒரு தடயம். கடை சொந்த இடம் என்றால் வில்லங்கச் சான்று போட்டால் கிரயத் தேதி துல்லியமாகக் கிடைக்கும்.

பிறந்த தேதியில்தான் அதிகத் தகராறு. பள்ளிச் சான்றிதழில் மே, ஜூன் மாதத் தேதி இருந்தால் சந்தேகப்படுங்கள்; சேர்க்கும்போது ஐந்து வயது வரும்படி வாத்தியார் போட்டதாக இருக்கலாம். ஜாதகம் கிடைத்தால் அதை நம்பலாம். ஆனால் தமிழ் வருடத்தை ஆங்கில வருடமாக மாற்றுவதில் ஒரு பொறி உண்டு. விளம்பி வருடம் 1958 சித்திரையில் தொடங்குகிறது என்பதற்காக விளம்பி தை மாதத்தை 1958 என்று போடுகிறார்கள். அது 1959 ஜனவரி, பிப்ரவரி. மார்கழியின் பிற்பாதி முதல் பங்குனி வரை எல்லாவற்றுக்கும் ஒரு வருடம் கூட்ட வேண்டும். சான்றிதழும் ஜாதகமும் முரண்பட்டால் ஜாதகத் தேதியைப் போடுங்கள். மலர் ஒன்றும் அரசாங்க ஆவணம் இல்லை. மறைவுக்கு ஆங்கிலத் தேதியோடு மாதம், பட்சம், திதி மூன்றையும் போட வேண்டும். அடுத்த வருஷம் திதி கொடுக்கிறவர்கள் மலரைத்தான் தேடுவார்கள். ஊர்ப் பெயரில் இன்னொரு கவனம்: ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் 2019 நவம்பரிலிருந்து இராணிப்பேட்டை மாவட்டம், ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம். 1960இல் ஆம்பூரில் பிறந்தவரை "திருப்பத்தூர் மாவட்டத்தில் பிறந்தார்" என்று எழுதினால் பெரியவர்கள் சிரிப்பார்கள். "வடஆற்காடு மாவட்டம் ஆம்பூர்" என்பதே சரி.

யாரை, என்ன கேட்பது

"அவரைப் பத்தி சொல்லுங்க" என்று தொடங்கினால் "தங்கமான மனுஷன்" என்று பதில் வரும், அத்தோடு பேச்சு முடியும். கேள்வி சின்னதாக இருக்க வேண்டும். கடை எத்தனை மணிக்குத் திறப்பார்? சாவி யாரிடம் இருக்கும்? முதல் போணி கடனாக வந்தால் என்ன சொல்வார்? சரக்கு எங்கே எடுப்பார், லாங்கு பஜார் மண்டியிலா, சென்னை கொத்தவால் சாவடியிலா? எந்தச் சரக்கை வாங்க மாட்டார்? சில்லறை இல்லாவிட்டால் மிட்டாய் கொடுப்பாரா, அடுத்த தடவை என்பாரா? கோபம் வந்தால் எப்படித் தெரியும்? மதியச் சாப்பாடு யார் கொண்டுவருவார்கள், அப்போது கல்லாவில் யார்?

மகன்களைவிட கடைப் பையன்களுக்கு அதிகம் தெரியும். வேலையை விட்டுப் போனவர்களைத் தேடிப் பிடியுங்கள். இருப்பவர்கள் புதிய முதலாளி காதில் விழுமே என்று அளந்து பேசுவார்கள். அடுத்து மண்டிக்காரர், சுமை தூக்கியவர், பக்கத்துக் கடைக்காரர், ஒரே தொழிலில் போட்டிக் கடை வைத்திருந்தவர். போட்டிக் கடைக்காரரின் ஒரு பாராட்டு உறவினர் பாராட்டு பத்துக்குச் சமம். மனைவியைக் கடைசியாகவும் தனியாகவும் கேளுங்கள். கூடத்தில் எல்லார் முன்னும் உட்காரவைத்தால் பேச மாட்டார். தீபாவளி வியாபாரம் முடிந்த இரவு வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவார், என்ன கொண்டுவருவார் என்று கேட்டால் போதும்.

போனில் பதிவு செய்யும்போது விமானப் பயன்முறையில் போட்டு, பேசுபவருக்கு ஒரு முழத்துக்குள் வைத்து, மின்விசிறியை நிறுத்துங்கள். அரை மணிக்கு மேல் வேண்டாம். எழுதி முடித்த பகுதியை அவரிடம் படித்துக் காட்டுங்கள். சொன்னதை மாற்றிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு.

ஊர்க்காரியம் என்ன செய்தார் என்பதற்கு வாய்மொழி மட்டும் போதாது. கோயில் உபயக் கல்வெட்டு, கும்பாபிஷேகப் பத்திரிகை, ஆடிக் கூழ் வார்த்தல் நோட்டீஸ், மயானக் கொள்ளை அல்லது குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவின் வரவு செலவு அறிக்கை, வணிகர் சங்க ரசீது, பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகப் பதிவு, இவற்றில் பெயரும் வருஷமும் இருக்கும். பெயர் இல்லாத உதவிகள்தான் அதிகம், அதுவும் வேலூரில். சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிற நோயாளிகள் மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அந்தப் பக்கத்துக் கடைக்காரர் பலர் அவர்களுக்காகவே வங்காளமும் இந்தியும் பேசக் கற்றுக்கொண்டவர்கள். ரத்தம் தேவை என்று வந்து நின்றவர்களுக்கு இவர் யாரைக் கூப்பிட்டு அனுப்பினார்? அந்த ஆளைக் கண்டுபிடித்தால் ஒரு பக்கம் கிடைத்துவிடும்.

எழுதுவது

அளவு முதலில். ஏ5 பக்கத்தில் 12 புள்ளி எழுத்தில் சுமார் 180 சொல் பிடிக்கும். அட்டை சேர்த்து 32 பக்க மலரில் எழுத்துக்கு 14 பக்கம் என்றால் 2500 சொல்தான். வாழ்க்கைக் குறிப்புக்கு 900, கடைக்கு 700, மற்றவர்கள் சொன்னதற்கு 900. மீதிப் பக்கங்கள் படங்களுக்கும் பெயர்ப் பட்டியலுக்கும்.

குணத்தைப் பெயரிட்டுச் சொல்லாமல் செய்கையைச் சொல்ல வேண்டும். "ஏழைகள்பால் இரக்கம் மிக்கவர்" என்பது யாருக்கும் பொருந்தும். "பள்ளி திறக்கும் ஜூன் மாதம் நோட்டுப் புத்தகக் கடனைத் தனிப் பக்கத்தில் எழுதுவார், அந்தப் பக்கத்தைத் தீபாவளி வரை திருப்ப மாட்டார்" என்று இருந்தால் அது ஒருவர்தான். அதே போல "அயராது உழைத்தார்" என்பதை அடித்துவிட்டு எத்தனை மணிக்குக் கடை திறந்தது என்று எழுதுங்கள். வீட்டில் நைனா என்று கூப்பிட்டிருந்தால் மலரிலும் நைனாதான். "தந்தையார்" என்று திருத்த வேண்டாம். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசியவர் என்றால் அவர் அடிக்கடி சொன்ன ஒரு வாக்கியத்தை அதே மொழியில், தமிழ் எழுத்தில் போடலாம்.

குறைகளும் வரலாம். நாலு பேர் சிரிக்கும்படியான கஞ்சத்தனம், பிடிவாதம், கிரிக்கெட் நடக்கும்போது வாடிக்கையாளரைக் காக்கவைத்தது. ஆனால் பங்காளிச் சண்டை, பாகப்பிரிவினை, கூட்டு வியாபாரம் முறிந்தது, இவற்றில் எதிர்த்தரப்பு உயிரோடு இருக்கிறது. "1998இல் தனிக்கடை தொடங்கினார்" என்பதோடு நிறுத்துங்கள்.

கவிதைகளுக்கு ஒரே பக்கம். உறவில் நாலு பேராவது எழுதிக்கொண்டு வருவார்கள்; ஒருவருடையதை மட்டும் போட்டால் மூன்று பேர் முறைப்பார்கள் என்பதால், ஆளுக்கு நாலு வரி என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. பிரமுகர்களின் இரங்கல் செய்தியை முன்பக்கத்தில் வைக்க வேண்டாம். மொத்த வியாபாரிகளிடம் விளம்பரம் வாங்கிச் செலவை ஈடுகட்டலாம் என்ற யோசனையும் வரும். அவர்களிடம் பணத்துக்குப் பதில் அரைப்பக்கம் எழுதி வாங்குவதே மேல்.

பெயர்ப் பட்டியல்

மலரில் சண்டை வருவது இங்கேதான். மனைவி, மகன் மருமகள், மகள் மருமகன், பேரன் பேத்திகள், உடன்பிறந்தோர், மைத்துனர், சம்பந்திகள் என்ற வரிசையில், ஒவ்வொரு வகையிலும் வயதுப்படி. காலமானவர்களை விட்டுவிடாமல் "அமரர்" சேர்த்துப் போட வேண்டும். திருமணத்துக்குப் பின் மகள்களின் முதலெழுத்து மாறியிருக்கும்; பேரப்பிள்ளைகளின் பள்ளிப் பெயரும் வீட்டுப் பெயரும் வேறாக இருக்கும். ஒவ்வொரு கிளைக்கும் அவர்கள் பகுதியை அச்செடுத்துக் கொடுத்து, அந்தத் தாளிலேயே கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸாப்பில் "ஓகே" என்று வந்தது கணக்கில் சேராது, பாதிப் பேர் படிக்காமலே அனுப்புகிறார்கள். கடையில் நெடுநாள் வேலை செய்தவர்களின் பெயர்களும் இந்தப் பட்டியலின் முடிவில் இடம் பெறட்டும்.

படங்கள்

பழைய படங்களை ஸ்கேனரில் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுங்கள். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், மேல்பூச்சு கிழியும். ஆல்பத்தோடு ஸ்கேன் செய்யலாம். லேமினேட் செய்த படம் போனில் பளபளக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். உறவினர் வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். "டாக்குமெண்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு படத்தின் பெயரிலும் வருஷம், இடம், இடமிருந்து வலமாக யார் யார் என்று அன்றே எழுதிவிட வேண்டும்.

படத்திறப்புக்கான பெரிய படத்தைப் பலரும் பாஸ்போர்ட் படத்திலிருந்து எடுக்கிறார்கள். 35 மி.மீ. அகலப் படத்தை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தாலும் 1650 புள்ளி அளவுதான் கிடைக்கும். 12 அங்குல அகலத்துக்கு அங்குலத்துக்கு 140 கூட வராது. தூரத்திலிருந்து பார்க்கப் பரவாயில்லை, கிட்டே போனால் மங்கும். கல்யாண வீட்டில் கேமராவில் எடுத்த படம் கிடைத்தால் அதையே வெட்டி எடுங்கள். மங்கிய முகத்தைத் தெளிவாக்கும் செயலிகள் புதுக் கண்ணும் புதுப் பல்லும் வரைந்துவிடுகின்றன. மனைவியிடம் காட்டி "இது அவர்தான்" என்று சொன்ன பிறகே அச்சுக்குப் போகட்டும்.

அச்சு

அச்சகத்தில் விலை கேட்கும்போது இப்படிச் சொல்லுங்கள்: ஏ5 அளவு, உள்பக்கம் 28, அட்டை 4; உள்ளே 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) மேப்லித்தோ தாள், நடுவில் வண்ணப் படங்களுக்கு 8 பக்கம் 130 ஜிஎஸ்எம் ஆர்ட் தாள்; அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன்; முதுகில் இரண்டு பின். பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 30 என்று போனால் இரண்டு வெற்றுப் பக்கம் விழும். ஏறக்குறைய 300 பிரதிக்குள் டிஜிட்டல், அதற்கு மேல் ஆஃப்செட் கட்டுப்படியாகும். எண்ணிக்கையைத் தலைக்கு ஒன்று என்று போடாமல் குடும்பத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டு, மேலே ஐம்பது சேருங்கள். விளிம்பு வரை போகும் படங்களுக்கு வெட்டு அளவுக்கு வெளியே 3 மி.மீ. விட வேண்டும், எழுத்து விளிம்பிலிருந்து 12 மி.மீ. உள்ளே. படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள், எழுத்து 12 புள்ளிக்குக் குறையக் கூடாது.

போனில் தட்டச்சு செய்தது யூனிகோட். பல டிடிபி நிலையங்கள் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களுக்கு மாற்றித்தான் பக்கம் கட்டுகின்றன. மாற்றும்போது கொ, கோ, கௌ உடையும், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், ஸ்ரீ, க்ஷ காணாமல் போகும், புள்ளி விழும். திரையில் பார்த்துச் சரி என்று சொல்லாமல் தாளில் எடுத்து ஒருவர் படிக்க ஒருவர் சரிபார்க்க வேண்டும். பெயர்களையும் தேதிகளையும் மட்டும் தனியாக இன்னொரு முறை, கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி. கட்டுரைக்குள் ஒரு தேதி, பெட்டிச் செய்தியில் வேறு தேதி என்று வருவது இந்த முறையில்தான் பிடிபடும். முழு அச்சுக்கு முன் வெட்டி மடித்த ஒரு மாதிரிப் பிரதி கேளுங்கள்.

முடிந்த பின் அச்சகத்திடமிருந்து பிடிஎஃப் கோப்பையும் பக்கம் கட்டிய மூலக் கோப்பையும் வாங்கிவிடுங்கள். இரவல் வாங்கிய படங்களை, யாரிடம் வாங்கினோம் என்று எழுதி வைத்த பட்டியல்படி ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுங்கள். இவ்வளவு பார்த்தும் ஒரு பெயர் விட்டுப் போனால், பட்டியல் பக்கத்தின் அளவுக்குத் திருத்தத் தாள் ஒன்றை அச்சடித்து எல்லாப் பிரதியிலும் ஒட்டுங்கள்; விட்டுப்போனவர் வீட்டுக்கு, ஒட்டிய முதல் பிரதியை மூத்த மகனே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.